வீரை மரத்தடியில் பன்னிரண்டு பாட்டில்

மழைத்தண்ணீர் சுத்தமானது என்று யாராவது என் காதுபடச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் பல வருடமாக வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது வகுப்பில் அதைச் சொல்லிவிடும். உடனே மாடியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரைச் சோதனைக்குழாயில் ஊற்றி, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விடுவேன். தண்ணீர் லேசாக வெளுத்து மங்கும். உப்பு! வங்காள விரிகுடாவின் உப்பு காற்றில் ஏறி, மேகத்தில் சேர்ந்து, எங்கள் கல்லூரி மாடியில் வந்து இறங்கியிருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான்தான் குதித்துக்கொண்டிருப்பேன்.

அந்த மழை நேராக மாடியில் விழாமல் ஒரு காட்டின் மேல் விழுந்து, இலை இலையாக இறங்கி மண்ணுக்கு வந்தால் என்ன ஆகிறது? நாற்பது வயதை நெருங்கும்போது நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தது இந்தக் கேள்விக்காகத்தான். இலைமேல் படிந்த தூசியையும் உப்பையும் மழை கழுவிக்கொண்டு வருகிறது. அதோடு விடுகிறதா? இலைக்குள் இருக்கும் பொட்டாசியத்தையும் கொஞ்சம் உருவிக்கொண்டு வருகிறது. மேலே இலையில் விழும்போது கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் கீழே வரும்போது டீ நிறத்தில் இருக்கும். முதல்முறை அதை ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தபோது, வேலையை விட்டுவிட்டுக் காட்டிலேயே உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது.

காடு என்றால் வால்பாறை, ஊட்டி என்று கற்பனை செய்ய வேண்டாம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில் ஏறி, பிரம்மதேசம் தாண்டி இறங்கி, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லைகளுக்கு நடுவே கால்மணி நேரம் நடந்தால் ஒரு கோயில்காடு வரும். வீரை, பாலை, காயா என்று சித்திரை வெயிலிலும் இலை உதிர்க்காத மரங்கள். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று புத்தகத்தில் ஒரு நீண்ட பெயர் உண்டு. ஊரில் அதற்குப் பெயர் காடு, அவ்வளவுதான். உள்ளே செருப்புப் போடக்கூடாது, ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக்கூடாது. அதனால் மரத்தில் ஆணி அடிக்காமல், சவுக்குக் கம்பில் முக்காலி கட்டி, அதன்மேல் பெரிய புனல், புனலுக்குக் கீழே ஐந்து லிட்டர் கேன் என்று நான்கு இடத்தில் வைத்தேன். காட்டுக்கு வெளியே, கொல்லை ஓரத்தில், தலைக்கு மேல் வானம் மட்டும் இருக்கும் இடத்தில் இன்னும் இரண்டு.

முதல் வருடம் மழை ஏமாற்றிவிட்டது. இரண்டாம் வருடம் மழை ஏமாற்றவில்லை, எனக்கு டெங்கு வந்துவிட்டது. மூன்றாவது மழைக்காலம்தான் கடைசி. டிசம்பர் முடிவதற்குள் ஆய்வுக் குழுவின் முன்னால் எதையாவது வைத்தாக வேண்டும், இல்லையென்றால் பதிவு ரத்து. என் வழிகாட்டி புதுச்சேரியில் இருக்கும் பேராசிரியர், நல்ல மனிதர், ஆனால் குழுவிடம் மூன்றாவது முறை போய்க் கெஞ்ச மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார்.

மழை பெய்த அன்றே விழுப்புரத்திலிருந்து கிளம்பிப் போக எனக்கு முடியாது. வகுப்பு, தேர்வுப் பணி, பிள்ளைகளின் பள்ளி என்று ஏதாவது குறுக்கே நிற்கும். அதனால் காட்டை ஒட்டிய தொகுப்பு வீட்டில் இருந்த ஒரு அக்காவைப் பிடித்தேன். கூலிவேலைக்குப் போகிறவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மழை விட்டதும் ஆறு கேனையும் எடுத்து, மூடி போட்டு, வீட்டு நிழலில் வைக்க வேண்டும். நான் மறுநாளோ அதற்கு மறுநாளோ வந்து அளப்பேன். இதுதான் ஏற்பாடு.

"இன்னா டீச்சரு, மழத்தண்ணிக்கா இம்மாந்தூரம் பஸ் ஏறி வர்றீங்க? விழுப்புரத்துல மழ பேயலயா?" என்று முதல் நாளே கேட்டார். அடுத்த தடவை, நான் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துக் கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்தத் தண்ணியில இன்னாதான் கீது டீச்சரு?"

"பொட்டாஷ் இருக்குதுக்கா."

"கொல்லைக்குத் தூவுறமே, செவப்பா உப்பு மாதிரி, அதுவா?"

"அதேதான்."

"அத மரத்துமேல யாரு ஏறித் தூவுனது?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே யோசித்தால், என் ஆராய்ச்சித் திட்டத்தின் முதல் பக்கத்தில் நான் எட்டு வரியில் எழுதியதும் இந்தக் கேள்வியைத்தான். மரம் வேரால் உறிஞ்சி இலைக்கு ஏற்றுகிறது, மழை இலையிலிருந்து கழுவி வேருக்கே இறக்குகிறது என்று விளக்கினேன். "அட, கைமாத்து மாதிரி" என்றார் அக்கா.

அந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. ஒவ்வொரு மழைக்கும் ஓடினேன். மூன்றாவது மழையின்போதுதான் அந்த விஷயம் என் கண்ணில் பட்டது. காட்டுக்குள் வைத்த நான்கு கேனிலும், வெளியில் வைத்த இரண்டு கேனிலும் தண்ணீர் ஒரே அளவு! அடர்ந்த மரத்துக்குக் கீழே எப்போதும் தண்ணீர் குறைவாகத்தான் விழும். மழையில் ஒரு பங்கை இலையும் கிளையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அது அப்படியே ஆவியாகிப் போகும். உலகம் முழுக்க அப்படித்தான். இங்கே மட்டும் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. நோட்டைப் புரட்டினேன். முதல் மழையும் அப்படித்தான், இரண்டாவதும் அப்படித்தான்.

அன்று பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை, உட்கார முடியவில்லை. திண்டிவனம் வருவதற்குள் ஒரு கோட்பாடே கட்டிவிட்டேன். கடல் பக்கத்தில் இருக்கிறது. விடியற்காலையில் கடலிலிருந்து ஈரக்காற்று வருகிறது. வீரையின் தடித்த இலைகள் அந்த ஈரத்தைப் பிடித்துச் சொட்டவிடுகின்றன. இழந்த தண்ணீரைக் காடு மூடுபனியிலிருந்து ஈடுகட்டிக்கொள்கிறது! வழிகாட்டிக்குப் போன் செய்து பேருந்து நிலைய இரைச்சலில் கத்திச் சொன்னேன். அவர் சந்தேகப்படுகிறவர். ஆனாலும், "அஞ்சு மழையும் இப்படியே வந்தா எழுதலாம்மா, பெரிய விஷயம்தான்" என்றார். அன்றிரவு வீட்டில் தோசை வார்த்துக்கொண்டே மூடுபனியைப் பற்றிப் பேசினேன். கணவர் இரண்டு தோசை தீய்ந்ததைப் பற்றிப் பேசினார்.

நான்காவது மழையும் அதேபோல் வந்தது. ஐந்தாவது மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெய்தது. விடுமுறை என்பதால் மழை விட்ட சூட்டோடு நான் போய் இறங்கினேன். வழக்கமாக நான் வரும் நேரம் அது இல்லை. அக்கா வீட்டு வாசலில் ஆறு கேனையும் வரிசையாக வைத்துக் குந்தியிருந்தார். கையில் ஒரு சில்வர் டம்ளர். கொல்லையில் வைத்த கேனிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, காட்டுக்குள் வைத்த கேனில் ஊற்றினார். தலையைச் சாய்த்து மட்டம் பார்த்தார். இன்னும் அரை டம்ளர் ஊற்றினார்.

"அக்கா! இன்னா பண்றீங்க?"

"வந்துட்டீங்களா டீச்சரு. இதோ, ஒண்ணு ரொம்பிக் கீது, ஒண்ணு கொறைவாக் கீது. பாக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சி. அதான் நெரவிக்கினு இருக்கேன்."

"எப்பலேருந்து?"

"மொத மழையிலேருந்தேதான்."

அவர் இன்னும் விளக்கினார். "மல்லாட்ட ஆயறப்ப ஒருத்திக்குக் கொறைஞ்சா ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போடுவோம் டீச்சரு. அவ மட்டும் கொறைவா அளந்துக்கினு போனா நாளிக்கு அவ மூஞ்சிய எப்பிடிப் பாக்கறது?"

இந்த இடத்தில் நான் புன்னகைத்து அவரை அணைத்துக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. "இது மல்லாட்டை இல்லக்கா! மூணு வருஷம்! மூணு வருஷத்த ஒரு டம்ளர்ல ஊத்திக் கெடுத்துட்டீங்க!" என்று அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். ஆறு கேனையும் அவர் கண் முன்னாலேயே கவிழ்த்துக் கொட்டினேன். அக்கா டம்ளரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்து பஸ் ஏறினேன்.

தண்ணீர் மட்டும் போகவில்லை. வெளித்தண்ணீர் கலந்துவிட்டதால் உள்தண்ணீரின் பொட்டாசியம், உப்பு, பி.எச். எல்லாமே பொய். நோட்டில் இருந்த அத்தனை எண்ணும் டம்ளர் ஊற்றிய எண். ஆனால் அது யாருக்குத் தெரியும்? எண்கள் அழகாக இருந்தன, கோட்பாடும் அழகாக இருந்தது, வழிகாட்டியே நம்பிவிட்டார். பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் இல்லை, பிரம்மதேசத்திலிருந்து திண்டிவனம் வரை அதையேதான் நினைத்தேன். பேருந்து நிலையத்தில் இறங்கியதும், இன்னும் யோசித்தால் மனசு மாறிவிடும் என்ற பயத்தில், வேகவேகமாக வழிகாட்டிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்ப அந்த மூடுபனி?" என்றார் வழிகாட்டி.

"மூடுபனி இல்ல சார். டம்ளர்."

அவர் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு மழை வருமில்ல?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சில நாட்கள் என் கோபம் அக்காவை விட்டு என் பக்கம் திரும்பியது. பிடித்து வையுங்கள், மூடி வையுங்கள் என்று சொன்னேனே தவிர, எதற்கு என்று நான் சொல்லவேயில்லை. ஒன்று குறைவாகவும் ஒன்று அதிகமாகவும் இருப்பதுதான் நான் தேடும் செய்தி என்று அவருக்கு எப்படித் தெரியும்? வகுப்பில் அறுபது பிள்ளைகளுக்குச் சொல்பவள், இவருக்கு மட்டும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறேன். அது எனக்கு வெட்கமாக இருந்தது. அக்காவுக்குப் பேசப் போனைக் கையிலெடுத்து, என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிடுவேன்.

நவம்பர் கடைசியில் புயல் வந்தது. முதல் நாள் இரவெல்லாம் கடலோரத்தில் வெறும் காற்றுதான் என்றது செய்தி. விடியும்போது அங்கேயும் காற்று அடங்கி மழை பிடித்துக்கொண்டது, சாதாரண மழை இல்லை, வானம் பொத்துக்கொண்டது. விழுப்புரத்தில் நடு இரவிலேயே மழை தொடங்கி, எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். விக்கிரவாண்டிப் பக்கம் நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடுகிறது, பஸ் இல்லை, ரயில் இல்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி என் காட்டின் மேல், இந்த வருடத்தின் கடைசிப் பெரிய மழை, யாரும் பிடிக்காமல் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அளந்த தண்ணீரை எடுத்துப்போக நான் கழுவிக் காயவைத்து எண் போட்ட பாட்டில்கள் இரண்டு சாக்கு நிறைய அக்கா வீட்டில்தான் இருந்தன. ஆறு மணிக்கு வெட்கத்தை விட்டுப் போன் செய்தேன். ஒரே மணியில் எடுத்தார்.

"சொல்லுங்க டீச்சரு. மழைக்கு இன்னா பண்ணணும்?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம், ஜல்தியா சொல்லுங்க, மழ போய்க்கினு இருக்கிது" என்றார்.

இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். காற்று திரும்ப எழுந்தால் காட்டுக்குள் கால் வைக்கக்கூடாது, அது முதல் விஷயம். பெரிய வீரை மரத்தடியில் ஒரு புனல், கொல்லையில் ஒரு புனல், இரண்டு மட்டும் போதும். மணிக்கு ஒரு பாட்டில் மாற்ற வேண்டும். முதல் மணியில் இலை எவ்வளவு கழுவப்படுகிறது, பத்தாவது மணியில் கழுவ இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பாட்டிலில் குறைந்தால் அந்தக் குறைவுதான் பதில். "கொறைஞ்சத கொறைஞ்ச மாதிரியே வெக்கணும், அதானே? புரிஞ்சிபோச்சி" என்றார்.

ஏழு மணிக்கு முதல் தகவல். "உள்ள புடிச்சது டீத்தண்ணியாட்டம் கீது. வெளிய புடிச்சது கண்ணாடி." எட்டு மணிக்கும் டீ. ஒன்பதுக்குக் கொஞ்சம் வெளுத்த டீ. வாசல் படியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, கணவர் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் தூக்கிக்கொண்டிருக்க, நான் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் மணியும் நிறமும் எழுதிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு அக்காவின் குரலே மாறியிருந்தது.

"டீச்சரு! உள்ள புடிச்சதும் வெளிய புடிச்சதும் ஒண்ணு மாதிரியே கீது! நான் எதையும் கலக்கல, சாமி சத்தியமா!"

"தெரியும்க்கா! மழை காட்டையே கழுவி முடிச்சிடுச்சி! இலைமேல இனிமே எதுவுமே இல்ல!" என்று நான் கத்தினேன். "அய்ய, அப்பிடியா!" என்று அவரும் கத்தினார். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நான் கைதட்டியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ. நாங்கள் இரண்டு பேர் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு காடு சுத்தமாவதைப் பார்த்துக் கொண்டிருந்தோம்.

ஒரு மணிக்கு வந்த தகவலுக்குப் பிறகு போன் வரவில்லை. நான் செய்தாலும் போகவில்லை. டவர் விழுந்திருக்கும் என்றார் கணவர். அக்கா மேல் கிளை விழுந்திருக்குமோ என்று நான் திரும்பத் திரும்பப் போனை அழுத்திக்கொண்டிருந்தேன். பட்டமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், அந்த மனுஷி நல்லபடியாக இருந்தால் போதும் என்று அன்று மாலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள்தான் வழி திறந்தது. நான் போனபோது அக்கா வாசலில் இருந்தார், வலது மணிக்கட்டில் துணிக்கட்டு. "ஒண்ணுமில்ல டீச்சரு, வழுக்கி உழுந்துட்டேன். போன் தண்ணியில போயிடுச்சி, அதான் பேஜாரு" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க" என்று சாக்கை அவிழ்த்தார். கொல்லையில் பிடித்தது பன்னிரண்டு, காட்டில் பிடித்தது பன்னிரண்டு. ஒன்றில் கழுத்து வரை, ஒன்றில் பாதி, ஒன்றில் முக்கால். எதுவும் எதற்கும் சமமாக இல்லை. காட்டுப் பாட்டில்களில் எட்டாம் எண் மட்டும் மூடி போட்டபடி காலியாக இருந்தது.

"அப்பதான் உழுந்தேன். அத்தினியும் கொட்டிப்போச்சி" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் அந்தப் பாட்டிலையே பார்த்தார். "ஏழாம் நம்பர்ல நெறைய இருந்துச்சி. கை தானா அதும்மேல போயிடுச்சி டீச்சரு. ஆனா ஊத்தல."

அந்தக் காலிப் பாட்டிலையும் உள்ளே வைத்து, இரண்டு சாக்கையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

நான்கு நாளில் பி.எச். கொஞ்சம் நகர்ந்திருக்கும், அதை நம்ப முடியாது. பொட்டாசியம் எங்கேயும் ஓடிப்போகாது. கல்லூரியில் கரண்ட் வந்த அன்றே ஃபிளேம் போட்டோமீட்டரைப் பற்றவைத்தேன். தண்ணீரைச் சுடரில் தெளித்தால் அதில் எவ்வளவு பொட்டாசியம் இருக்கிறது என்று சொல்லிவிடும் கருவி அது. காட்டுப் பாட்டில் ஒன்று, முள் மேலே ஏறியது. இரண்டு, கொஞ்சம் கீழே. மூன்று, இன்னும் கீழே. ஆறாவது பாட்டிலுக்கு முள் கொல்லைத் தண்ணீரின் இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அக்கா போனில் நிறமாகச் சொன்னதைக் கருவி எண்ணாகச் சொன்னது. வரைபடத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன், கோடு மலைச்சரிவு போல இறங்கி வந்தது. ஏழாவது புள்ளிக்கும் ஒன்பதாவது புள்ளிக்கும் நடுவே வெற்றிடம். ஆய்வகத்தில் யாரும் இல்லை, இருந்திருந்தால் அவர்களைப் பிடித்து ஆடியிருப்பேன்.

தலைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்றார் வழிகாட்டி. ஒரே ஒரு புயல்மழை, மணிக்கு மணி. டிசம்பர் கடைசி வாரம் ஆய்வுக் குழு முன்னால் அந்தக் கோட்டைத் திரையில் போட்டேன். முதலில் ஐந்து மழையின் கதையையும் டம்ளரையும் சொன்னேன், அந்த எண்கள் எதையும் பயன்படுத்தவில்லை என்று சொன்னேன். யாரோ இருமினார்கள். பிறகு குழுவில் மூத்தவர் கோட்டின் நடுவில் இருந்த வெற்றிடத்தைக் காட்டினார்.

"இந்த மணி விட்டுப்போயிருக்கே. முன்னாடி பின்னாடி ரெண்டையும் வெச்சு சராசரி போட்டு நிரப்பியிருக்கலாமேம்மா. எல்லாரும் செய்யறதுதானே?"

"நிரப்பலாம் சார்" என்றேன். "நாங்க நிரப்பல."

"நாங்களா? யார் யாரு?" என்று கேட்டபடி அவர் என் அறிக்கையின் முதல் பக்கத்துக்குப் புரட்டினார். அதில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. அங்கேயே பேனாவை வாங்கி, அக்காவின் பெயரை எழுதினேன்.